செருப்புக்கு ஐஸ் கொடுத்த வழக்கும் ஐந்து உபரித் தீர்ப்புகளும்

உத்தரகோசமங்கை,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

மதுரையில் நலமாகவும், பிறர் நலத்தில் தேவைக்குச் சற்று அதிகமான அக்கறையோடும் வாழ்ந்துவரும் என் மைத்துனர் திரு. வீரபத்திரன் அவர்களுக்கு, பூமிநாதன் எழுதிக்கொள்வது.

மாப்பிள்ளை, இங்கே நானும் உங்கள் அக்காள் முருகம்மாளும் சுகம். மழை இல்லை. என் ரத்த அழுத்தம் மாத்திரையின் சொல்லைக் கேட்டு நடக்கிறது. அங்கே தங்கள் வீட்டிலும் அனைவரும் அவ்விதமே இருப்பார்கள் என்று நம்புகிறேன். இந்த நாலு வரியை எழுதாமல் அடுத்த பத்திக்குப் போக என் பேனா சம்மதிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் நம் வீட்டுக் காதுகுத்துக்கு வந்த இடத்தில், தொழிலாளர் துறையில் ஓய்வு பெற்றவர் என்ற ஒரே காரணத்தால் நீங்கள் ஓர் ஆலோசனை சொன்னீர்கள். திருப்பாலைக்குடி ஐஸ் கம்பெனி முதலாளி ஹாஜா முகைதீனும், அவர் வேலையை விட்டு நீக்கிய ஆபரேட்டர் பாண்டித்துரையும் ஒரே பந்தியில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் எனக்கு வேண்டியவர்கள். "ரெண்டு பேரும் மனமொத்து ஒரு நடுவர எழுதிக் குடுத்துட்டாச் சோலி முடிஞ்சது. லேபர் கோர்ட்டுக்கு அலைய வேணாம். சட்டத்துலயே இடம் இருக்கு" என்றீர்கள். "நடுவருக்கு எங்க போறது?" என்று ஹாஜா முகைதீன் கேட்டதும், இலையை மடித்துக்கொண்டிருந்த என்னைக் காட்டிவிட்டுப் பாயசத்துக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு வழக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை நீங்கள் கேட்கவில்லை. ஆகவே முழுவதையும் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இருவரும் என்னை ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னால்தான் விளங்கியது. நான் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து எத்தனையோ கண்டக்டர்களுக்கு மெமோ கொடுத்தவன் என்பதால் தொழிலாளி என்றாலே எனக்கு ஆகாது என்று முதலாளி நம்பியிருக்கிறார். அதே வேலையில் எனக்கே ஒருமுறை மெமோ வந்தது என்பதால் முதலாளி என்றாலே எனக்கு ஆகாது என்று பாண்டித்துரை நம்பியிருக்கிறான். இருவர் நம்பிக்கையையும் ஒருசேரப் பெற்ற நடுவன் நான்.

வழக்கு இதுதான். அந்த ஐஸ் கம்பெனியில் விடியற்காலையில் ஐஸ் வாங்க வருகிறவர்கள் யாரும் வரிசையில் நிற்பதில்லை. அவர்களுடைய பொருள்கள் நிற்கும். ஒருவர் பிளாஸ்டிக் கேனை வைப்பார், ஒருவர் அறுந்த கயிற்றுச் சுருளை, இன்னொருவர் கல்லை ஏற்றிவைத்த துண்டை. வைத்துவிட்டு டீ குடிக்கவும் வலை ஏற்றவும் போய்விடுவார்கள். மனிதர்கள் நிற்கும் வரிசைகளில் சண்டை வருவதை நான் பஸ் நிலையத்தில் ஆயுள் முழுவதும் பார்த்திருக்கிறேன். கேன்களும் கயிறுகளும் நிற்கும் இந்த வரிசையில் அன்றுவரை ஒரு சச்சரவும் வந்ததில்லை. அன்று வந்தது. முதலாளியின் மனைவி சாலிஹாவின் தம்பி ஆதில், துபாயிலிருந்து திரும்பி வந்து புதுப் படகு வாங்கியிருந்தான். முதல் நாள் கடலுக்குப் போக ஐஸ் வேண்டும். நேரே பாண்டித்துரை முன்னால் போய் நின்றிருக்கிறான்.

"ஐஸப் போடுங்கண்ணே."

"போடுவோம் தம்பி. ஒங்களுக்கு முன்னாடி வெள்ளையம்மா நிக்கிறாங்கள்ல?"

ஆதில் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறான். வார் அறுந்து ஊக்கு குத்திய நீல நிற ரப்பர் செருப்பு ஒன்று, இடது காலுடையது, வரிசையில் இருந்தது. மீன்கூடையோடு சிக்கல் ஊர்ப் பக்கம் பஸ் ஏறிப் போய் விற்கும் வெள்ளையம்மாளின் செருப்பு அது.

"நான் ஆளா நிக்கிறேன். நீங்க செருப்பப் பாக்குறீங்க?"

"நான் வரிசையப் பாக்குறேன், தம்பி."

அன்று காலையில் மிச்சமிருந்த கடைசி ஐஸ் பார் செருப்புக்குப் போயிற்று. ஆதிலின் படகு முதல் நாளே கரையில் நின்றது. "துபாய்ல இப்பிடி ஒத்தச் செருப்பு கெடந்தா எடுத்துக் குப்பைல போட்டுருவான்" என்று ஆதில் சொன்னதும், "அதனாலதேன் இங்கன திரும்பி வந்துருக்கீங்க" என்று பாண்டித்துரை சொன்னதும் விசாரணைக் குறிப்பில் இருக்கின்றன. முதலாளியின் மைத்துனரை அவமதித்து ஓர் இடதுகால் ரப்பர் செருப்புக்கு முன்னுரிமை அளித்தது என்பது குற்றச்சாட்டு. கம்பெனிக் கணக்கரே விசாரணை அதிகாரியாக அமர்ந்து, குற்றம் ருசுவானது என்று எழுத, பாண்டித்துரையை வேலையை விட்டு நீக்கினார்கள். கம்பெனி திறந்த நாளிலிருந்து அங்கே இருந்தவன். பக்கத்து ஊர் ஐஸ் கம்பெனிகள் அவனைக் கூப்பிட்டன. போகவில்லை. "எந்த வாசல்ல வச்சு என்னையப் போடான்னு சொன்னாரோ, அந்த வாசல் வழியா நான் உள்ள போகணும் சார். சோறுகூடப் பெறகுதான்" என்றான். ஹாஜா முகைதீனைத் தனியே கேட்டேன். "சார், இவன நான் நிறுத்தலைன்னா எங்க வீட்டுல என்னைய நிறுத்திருவாங்க" என்றார். ஆக, இரண்டு பக்கமும் வாழ்க்கைப் பிரச்சினை என்பது எனக்குத் தெளிவாயிற்று.

விசாரணையை மீன் ஏலக் கூடத்தில் வைத்துக்கொண்டேன். கம்பெனி சார்பில் ராமநாதபுரத்திலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார், சின்ன வயது, கறுப்புக் கோட்டு, அந்த வெயிலில். ஹாஜா முகைதீன் வரவில்லை. வெள்ளையம்மாள் சாட்சி சொன்னார். வக்கீல் எழுந்து கேட்டார்:

"ஏம்மா, செருப்பு வரிசைல நின்ன நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"டீக்கடைல."

"அப்ப நீங்க வரிசைல இல்ல. ஒத்துக்கிறீங்களா?"

"ஏன் தம்பி, ஒங்க மொதலாளி எங்க?"

"கேள்வி நான் கேக்கணும். அவரு வீட்டுல இருக்காரு."

"அவருக்குப் பதிலா நீ நிக்கிறேல்ல? அப்பிடித்தான் என் செருப்பும் நின்னுச்சு."

இதைச் சாட்சியக் குறிப்பில் சேர்க்கக்கூடாது என்று வக்கீல் ஆட்சேபித்தார். ஆட்சேபத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டேன்.

இங்கேதான் நான் இரண்டு தவறுகள் செய்ததாகப் பிற்பாடு உயர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். முதல் தவறு சாப்பாடு. நேரில் பார்வையிடப் போன அன்று ஹாஜா முகைதீன் வீட்டில் சாப்பிடாமல் வரமுடியவில்லை. சாலிஹா பிரியாணி வைத்தார். நடுநிலை தவறக்கூடாதே என்று மறுநாள் பாண்டித்துரை வீட்டிலும் சாப்பிட்டேன். அவன் மனைவி யுவராணி நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். பிரியாணியை மருத்துவர் சொற்படி ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டேன். நண்டுக் குழம்பைப் பற்றி மருத்துவர் ஒன்றும் சொல்லாததால் மறுசோறு வாங்கிவிட்டேன். இது எப்படியோ ஊருக்குள் பரவி சாலிஹா காதுக்குப் போய், "என் பிரியாணி ஒரு தட்டோட போச்சு, அங்கன போயி மறுசோறா?" என்று அவர் மனம் வருந்தியது உண்மை. அந்த வருத்தம் வக்கீல் கைக்குப் போய் ஒருதலைப்பட்சம் என்று பெயர் மாறிவிட்டது.

இரண்டாவது தவறு தீர்ப்பு. என்னிடம் இரு தரப்பும் எழுதிக் கொடுத்த கேள்வி ஒன்றுதான்: வேலை நீக்கம் சரியா, இல்லையென்றால் என்ன பரிகாரம்? அதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று நீங்கள் பந்தியில் சொல்லவில்லை, மாப்பிள்ளை. நம் பக்கத்தில் நாலு பேர் கூடி உட்கார்ந்து ஒரு வழக்கைப் பேசினால், ஊரில் பேசாமல் கிடப்பதையெல்லாம் பேசி முடித்துத்தானே எழுந்திருப்போம்? பாதியில் எழுந்து போனால் அவனை ஒரு பெரிய மனிதன் என்று யார் மதிப்பார்கள்? ஏலக் கூடத்தில் கூட்டம் கூடிவிட்டது. "சார், இதயும் சேத்து எழுதிருங்க" என்று ஆளாளுக்கு வந்தார்கள். ஆகவே பாண்டித்துரையை மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும் என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு, அடுத்த ஐந்து பத்திகளில் மற்றவற்றையும் தீர்த்துவைத்தேன். ஆதில் வெள்ளையம்மாளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வரிசையில் செருப்பு ஒற்றையாக நிற்கலாம், ஜோடியாக நின்று இரண்டு இடம் கேட்கக்கூடாது. ஐஸ் ஏற்றும் மேடையில் எரியாத விளக்கை எரியவைக்க வேண்டும். மதில்சுவர்த் தகராறில் பேச்சை நிறுத்திய ஹாஜா முகைதீனும் அவருடைய அண்ணனும் பேசிக்கொள்ள வேண்டும். மேடையோரம் காய்கிற கருவாட்டை, கேட்பாரற்றுப் போனாலும், கம்பெனிப் பூனைக்குப் போடக்கூடாது. கடைசிப் பத்தியை யார் கேட்டார்கள் என்று இப்போது எனக்கு நினைவில்லை. நியாயமாகப் பட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்காத ஐந்தையும் எல்லாரும் சந்தோஷமாக நிறைவேற்றிவிட்டார்கள். ஆதில் மன்னிப்புக் கேட்டான். விளக்கு எரிந்தது. அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பூனை ஒருவேளை மட்டும் வருந்தியது. கேட்ட ஒன்றைத்தான் நிறைவேற்றவில்லை. பாண்டித்துரையை உள்ளே விடாமல், என் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போட்டார்கள். அதில் பாண்டித்துரை முதல் எதிர்மனுதாரர். இரண்டாம் எதிர்மனுதாரர் நான். ஒரு நாள் தபால்காரர் ஹைகோர்ட் முத்திரையோடு உறையைக் கொண்டுவந்து, தெருவே கேட்கும்படி என் பெயரைப் படித்துவிட்டுக் கொடுத்தார். "பூமிநாதன் மேல ஹைகோர்ட்டுல கேஸு" என்று பூக்காரி பூமயில் கோயில் வாசல்வரை செய்தியைக் கொண்டுபோனாள். வந்து விசாரித்தவர்கள் வாழைப்பழம், ஆர்லிக்ஸ் சகிதம் வந்தார்கள். "பழைய டிக்கெட்டு விவகாரமா?" என்று ஒருவர் தணிந்த குரலில் கேட்டார். "இல்ல, ஒரு செருப்பு விஷயம்" என்றேன். அவர் ஆர்லிக்ஸை வைத்துவிட்டு மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். உங்கள் அக்காள் மட்டும், "என் தம்பி வாயத் தொறந்தா யாராவது ஒருத்தரு கோர்ட்டுக்குப் போகணும். இந்தத் தடவ நீங்க" என்றாள்.

எதிர்மனுதாரராக இருந்தாலும் நடுவர் கோர்ட்டுக்கு வரவேண்டியதில்லை என்று பாண்டித்துரையின் வக்கீல் சொன்னார். நான் போனேன். என் எழுத்தை ஒரு நீதிபதி படிக்கும்போது நான் வீட்டில் இருப்பது எப்படி? உங்களுக்குச் சொல்லாமல் வந்து போனதற்கு மன்னிக்கவும். சொல்லியிருந்தால் நீங்களும் கூடவே வந்து, கோர்ட்டுக்கு ஆலோசனை சொல்லியிருப்பீர்கள்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் பாண்டித்துரை, சலவைச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு. அவன் காது சிவந்திருந்தது. கம்பெனிக்காக மதுரையின் மூத்த வக்கீல் ஒருவர் எழுந்தார். முதலாளியின் மைத்துனரைக் காக்கவைத்தது கீழ்ப்படியாமை என்றும், இதற்கு வேலை நீக்கம்தான் தக்க தண்டனை என்றும், நடுவர் சாட்சியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்றும் வெகுநேரம் பேசினார். நீதிபதி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் என்னிடம் மேல்முறையீடு செய்வதுபோலப் பேசுகிறீர்கள். இரு தரப்பும் தாங்களாகவே தேர்ந்தெடுத்த ஆள் ஒரு முடிவு சொல்லியிருக்கிறார். நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது இங்கே கேள்வி இல்லை. புத்தியும் நேர்மையும் உள்ள ஒருவர் இந்தச் சாட்சியத்திலிருந்து இந்த முடிவுக்கு வரமுடியுமா என்பதுதான் கேள்வி" என்றார். பிறகு வெள்ளையம்மாளின் சாட்சியத்தைத் தமிழில் வாய்விட்டுப் படித்தார். "அவருக்குப் பதிலா நீ நிக்கிறேல்ல?" என்ற இடம் வந்ததும் நிறுத்தி, மூத்த வக்கீலை ஏறிட்டுப் பார்த்து, "உங்கள் கட்சிக்காரர் வந்திருக்கிறாரா?" என்று கேட்டார். "இல்லை" என்றார் வக்கீல்.

சாப்பாட்டு விவகாரத்தை அவர் எடுத்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. "இரு வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறார். இரு தரப்புக்கும் அப்போதே தெரியும். தீர்ப்பு வரும்வரை யாரும் ஆட்சேபிக்கவில்லை. குழம்பின் அளவைப் பரிசீலிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை" என்றார். அடுத்து உபரிப் பத்திகளுக்கு வந்தார். மூத்த வக்கீல் உற்சாகமாகிவிட்டார். கேட்காததற்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன நடுவரின் அதிகார மீறலுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்றார்.

"அந்த ஐந்தையும் உங்கள் கட்சிக்காரர் நிறைவேற்றினாரா?"

"நிறைவேற்றிவிட்டார்."

"அதிகாரம் இல்லாத ஐந்தை நிறைவேற்றிவிட்டு, அதிகாரம் இருந்த ஒன்றைத்தான் நிறைவேற்றவில்லை, அப்படித்தானே?"

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். தேடியது கிடைக்கவில்லை போலிருக்கிறது.

தீர்ப்பு அன்றே வந்தது. உபரியை நல்லதிலிருந்து பிரித்தெடுக்க முடிவதால், ஐந்து பத்திகளும் செல்லாது. முதல் பத்தி செல்லும். பாண்டித்துரையை உடனே வேலையில் சேர்க்க வேண்டும். "நடுவரின் தீர்ப்பு நீளமானது. நீளம் சட்டப் பிழை அல்ல" என்றும் ஒரு வாக்கியம் வந்தது. அது எனக்கான பாராட்டு என்று நினைக்கிறேன். உங்கள் அக்காள் அப்படி நினைக்கவில்லை. பாண்டித்துரை வெளியே வந்து, அங்கே நின்ற வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு யுவராணிக்குப் போன் போட்டு, "ஏய், உள்ள போகலாம்னு சொல்லிட்டாக" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். கோர்ட்டு வாசல் தூசி.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு ஒரு போஸ்ட் கார்டோடு நிறுத்தியிருப்பேன். ஐந்து பத்திகள் செல்லாது என்ற செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறித் திருப்பாலைக்குடிக்குப் போய்விட்டது. ஆதில் நேரே வெள்ளையம்மாளிடம் போய், "கோர்ட்டே செல்லாதுன்னு சொல்லிருச்சு. நான் கேட்ட மன்னிப்பத் திருப்பிக் குடுங்க" என்றானாம். "வாங்குனது வாங்குனதுதான். வேணும்னா இன்னொரு தப்புப் பண்ணிட்டு வா, அதுக்குக் கேக்காம இருந்துக்க" என்று அவர் சொல்லிவிட்டார். அண்ணனும் தம்பியும் மேற்கொண்டு பேசலாமா கூடாதா என்று தெரியாமல், ஒருவர் வாசலில் ஒருவர் நின்று சைகையில் விசாரித்துக்கொண்டார்கள். வரிசையில் செருப்புகள் ஜோடியாக வரத் தொடங்கின. மேடை விளக்கை அணைப்பதா என்று கேட்டு எனக்குப் போன் வந்தது. "கோர்ட்டு செல்லாதுன்னு சொன்னது என் உத்தரவத்தான்யா, பல்ப இல்ல" என்று விளக்குவதற்குள் என் ரீசார்ஜ் தீர்ந்தது. பூனையைப் பற்றித் தகவல் இல்லை.

ஆனால் முக்கியமானது நடந்தது. இந்தத் திங்கட்கிழமை பாண்டித்துரை வேலைக்குப் போனான். எந்த வாசலோ அதே வாசல். ஹாஜா முகைதீன் அவரே நின்று, "ஏலே, வா" என்றாராம். சாலிஹா வீட்டிலிருந்து டீ வந்ததாம். ஒரு தொழிலாளியின் வேலையை இனி எந்த மச்சானும் எந்தச் செருப்பும் அசைக்க முடியாதபடி உயர் நீதிமன்றத்தின் முத்திரையோடு நிலைநாட்டியாயிற்று. என் கடமை முடிந்தது. இந்தக் கடிதத்தின் நோக்கமும் அதுதான், மாப்பிள்ளை. இனி எந்தக் காதுகுத்திலும், எந்தப் பந்தியிலும், எந்த முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவராக என்னைக் கைகாட்டாதீர்கள். நான் இனி யாருக்கும் நடுவில் உட்காருவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். பஸ்ஸில்கூட ஜன்னலோர இருக்கைதான்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. இடைப்பட்ட வயதினர் இரண்டில் விருப்பமானதை எடுத்துக்கொள்ளவும். எங்கள் ஊர் மங்களநாதர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், பந்தியில் வாய் திறக்காத பொறுமையையும் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்,
பூமிநாதன்
(முன்னாள் நடுவர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டிக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, ஹாஜா முகைதீனும் பாண்டித்துரையும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். ஆகையால் உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்த பாண்டித்துரை செவ்வாய்க்கிழமை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டானாம். ஆதிலின் படகில் பங்குக்குச் சேரப் போகிறான். செருப்பைக்கூட விட்டுக்கொடுக்காதவன்தான் தனக்குப் பங்காளியாக வேண்டும் என்று ஆதில் கேட்டானாம். "என்ன பாண்டி, இதுக்கா இம்புட்டுத் தூரம் போனோம்?" என்றேன். "அவரு என்னையப் போகச் சொல்லக் கூடாதுல்ல சார். நானாப் போகலாம்ல?" என்கிறான். ஹாஜா முகைதீன் ராஜினாமாவை வாங்க மறுக்கிறார். அவர் கண் கலங்கியிருக்கிறது. "ஹைகோர்ட்டே இவன் இங்கன வேல பாக்கணும்னு சொல்லிருச்சு சார். மாட்டேங்குறதுக்கு இவன் யாரு?" என்று கேட்கிறார். இருவரும் மனமொத்து என்னையே நடுவராக எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். வீடு தேடி வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது, ஒப்புக்கொண்டேன். உள்ளே உங்கள் அக்காள் இருவருக்கும் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஹாஜா முகைதீனின் வாதத்தில் சட்டப்படி என்ன பிழை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. மறு தபாலில் தெரியப்படுத்தவும்.